பொக்கை வாயும் பன்னிரண்டு கோப்பைகளும்

பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

"அன்புள்ள" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இப்படியே தொடங்குகிறேன்.

என் மகன் கல்யாண வரவேற்பில் நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. புதுச் சம்பந்தியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உங்க சிரிப்பு முத்து கோத்த மாதிரி இருக்குங்க" என்றார்கள். நான் பதில் சொல்வதற்குள் தட்டும் கையுமாக நீ நடுவில் புகுந்து, "மேலயும் சரி கீழயும் சரி, ஒண்ணுகூட சொந்தப் பல்லு இல்ல. அத்தனையும் என் கைவேலை!" என்று மேஜை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாய். சொன்னதோடு விட்டாயா? சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல என் தாடையைப் பிடித்துத் திருப்பி வேறு காட்டினாய். நல்லவேளை, என் கம்பெனிக்காரர்கள் அதற்குள் கிளம்பியிருந்தார்கள். இல்லாவிட்டால் என் மானம் கப்பலேறியிருக்கும். அன்று போனில் பூட்டிய உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். இது வைத்தியத்துக்காக எழுதும் கடிதம், உறவுக்காக இல்லை.

விஷயம் இதுதான். மூன்று மாதமாக வாய்க்குள் மேலே எரிகிறது. இரண்டு கடைவாயிலும் வெடிப்பு. கொட்டாவி விட்டால் கண்ணில் நீர் வருகிறது. இதெல்லாம்கூடப் போகட்டும். நாக்கு செத்துக்கொண்டே வருகிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

தேயிலை ருசி பார்த்துத் தரம் சொல்பவளுக்கு நாக்குதான் சோறு. போன மாதம் புகை வாடை ஏறிய ஒரு லாட் தேயிலையை நான் முதல் தரம் என்று எழுதிவிட்டேன். வாங்கியவர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "மார்ச் கடைசியில வியாபாரிங்க எல்லாரும் வர்றாங்க. அவங்க முன்னாலயே ஒரு பரீட்சை வச்சிடலாம்மா. பேர் ஒட்டாத பன்னிரண்டு கோப்பை. நீங்களும் அவரும்" என்றார். அவர் என்றால் எனக்கு அடுத்த நாற்காலிக்காரர். வருஷம் முழுக்கத் தும்முவதால் எங்கள் ருசி அறையில் அவருக்குப் பேர் தும்மல். தோற்றவர் முதல் நாற்காலியில் உட்கார முடியாது. தும்மலிடம் தோற்பதற்கு நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். அந்த அறையை விட்டால் எனக்கு வேறு உலகம் கிடையாது, உனக்கே தெரியும்.

நீ கட்டின பல்லில்தான் ஏதோ கோளாறு. பிடுங்கியது நீ, கட்டியது நீ, ஊருக்குச் சொன்னதும் நீ. இதற்கும் நீயே வழி சொல். இந்த ஊரில் எந்தப் பல் டாக்டரிடமும் போக மாட்டேன். இங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கை வருகிறது, பார்த்தாயா?

உன் கடிதத்தைக் கிளினிக்கில் நின்றுகொண்டே படித்தேன். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார், பாவம். தாடையைப் பிடித்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு தச்சன் தான் செய்த கதவை நாலு பேர் முன்னால் தட்டிக் காட்ட மாட்டானா? நீ காலேஜில் சிரித்துக்கொண்டு நிற்கிற போட்டோவை எதிரில் வைத்துக்கொண்டு, முன்பல் இரண்டுக்கும் நடுவே இருந்த அந்தச் சின்னச் சந்தைக்கூட விடாமல் செய்த பல் அது. அதை ஒருவர் முத்து என்று சொன்ன பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. என் வாய் எப்போது மூடியிருக்கிறது?

சரி, வைத்தியம். பல்லில் கோளாறு என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். கோளாறு பல்லிலா, பல்லைப் போட்டிருக்கிற மகாராணியிடமா என்று நான் சொல்கிறேன். முதலில் மேல் செட்டைக் கழற்றிவிட்டு, கைக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேலண்ணத்தைப் பார். என்ன நிறம், எதுவரை? ராத்திரி பல்லை எங்கே வைக்கிறாய்? எதைப் போட்டுக் கழுவுகிறாய்? எரிச்சலுக்கு நீயாக ஏதாவது கைவைத்தியம் செய்கிறாயா? ரத்தத்தில் சர்க்கரை பார்த்தாயா? வாயால் இழுக்கிற ஆஸ்துமா மருந்து ஏதாவது உண்டா? ஒளிக்காமல் எழுது.

சின்னவள்


பிப்ரவரி 13

சின்னவளுக்கு,

போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்.

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பார்த்தேன். வீட்டில் நான் ஒருத்திதான், இருந்தாலும் தாழ் போட்டேன். மேலண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு. அதுவும் செட்டின் தகடு எதுவரை வருகிறதோ அதுவரை மட்டும், பென்சிலால் கோடு போட்டது போல. கோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல நிறம். இப்போதாவது ஒத்துக்கொள், உன் தகட்டில்தான் ஏதோ விஷம் இருக்கிறது.

ராத்திரி எங்கே வைப்பேன்? வாயில்தான். கழுவுகிற நேரம் தவிர இந்த மூன்று வருஷத்தில் கழற்றியதே இல்லை. திடீரென்று பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினால் பொக்கை வாயோடு போய்த் திறப்பேனா?

கழுவுவது வெறும் தண்ணீரில். குழாயைத் திறந்து நன்றாகக் காட்டுவேன். பேஸ்ட், சோப்பு, பல்லை ஊறப் போட நீ கொடுத்த மாத்திரை எதையும் தொட்டதில்லை. புதினா வாசனை ஒருமுறை வாயில் ஏறினால் மத்தியானம் வரை எல்லா டீயிலும் புதினாதான் தெரியும். பவுடர் பூசிக்கொண்டு வருகிறவரைக்கூட எங்கள் அறை வாசலிலேயே நிறுத்திவிடுவேன். சொந்தப் பல் இருந்த காலத்திலும் வெறும் தண்ணீர்தான். இருபத்தாறு வருஷமாக இந்த நாக்கை நான் அப்படிக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

எரிச்சலுக்கு, படுக்கும்போது தகட்டில் தேன் தடவிப் போட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் இதமாக இருக்கிறது. சர்க்கரை பார்த்தேன், இல்லை. இழுக்கிற மருந்தும் இல்லை.

பதில் சீக்கிரம் எழுது. நேற்று ஒரு கோப்பையை மூன்று முறை வாயில் வைத்தும் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தும்மல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா, என் தங்க அக்கா,

தேனா? தகட்டிலா? ராத்திரி முழுக்கவா? அடிப்பாவி!

உன் வாயில் குடியிருப்பது விஷம் இல்லை, பூஞ்சை. எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருப்பதுதான், சும்மா கிடக்கும். இருட்டும் ஈரமும் கிடைத்தால் பெருகிவிடும். நீ மூன்று வருஷமாக அதைத் தகடு போட்டு மூடி, காற்றுப் படாமல், எச்சில் போய்க் கழுவிவிட வழியில்லாமல் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாய். போதாததற்கு ராத்திரி ராத்திரி தேன் விருந்து வேறு. விருந்தாளி எப்படிக் கிளம்புவான்? தகடு மூடிய இடத்தோடு சிவப்பு நின்றுபோவதற்குக் காரணம் அதுதான். கடைவாய் வெடிப்பிலும் அவன்தான் இருப்பான்.

தண்ணீரில் காட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அழுக்குப் போகும். தகட்டில் படிகிற வழவழப்புப் போகாது. உன் டீக் கோப்பையை மூன்று வருஷம் வெறும் தண்ணீரில் மட்டும் அலசி வைத்துப் பார், உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று நீயே எனக்குச் சொல்வாய். சொந்தப் பல் எப்படிப் போயிற்று என்பதை நான் இப்போது கேட்கவே இல்லை.

இன்றிலிருந்தே தொடங்கு. சாப்பிட்ட பிறகெல்லாம் கழற்றி அலசு, வாயைக் கொப்பளி. ராத்திரி வாசனையில்லாத சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து உள்ளும் புறமும் தேய்த்து, மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறப் போடு. காலையில் நன்றாக அலசிப் போட்டுக்கொண்டால் ஒரு வாசனையும் நிற்காது, உன் நாக்குக்கு நான் உத்தரவாதம். வெந்நீர் மட்டும் வேண்டாம், தகடு வளைந்துபோகும். ஈறு, நாக்கு, மேலண்ணம் எல்லாவற்றையும் பஞ்சு போன்ற பிரஷ்ஷால் வருடிவிடு. தூங்கும்போது வாயில் பல் இருக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரி தட்டினால் தட்டட்டும்.

மருந்து விஷயம் கடிதத்தில் ஆகாது. பார்க்காமல் மருந்து கொடுக்க நான் மந்திரவாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வாசலில் நின்று, "அக்கா, பல்லைக் காட்டு" என்று கத்துவேன். என் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

சின்னவள்


மார்ச் 4

வாயாடிக்கு,

நீ மிரட்டியதால்தான் அன்று கதவைத் திறந்தேன். வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "என்னக்கா, கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?" என்று கேட்டிருக்க வேண்டாம். துண்டை இழுத்ததும் சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ டார்ச்சைத்தான் எடுத்தாய். அதைக் கவனித்தேன், அன்று சொல்லவில்லை.

நீ ஓரத்தைச் சுரண்டிக் கொடுத்த பிறகு தகடு உரசுவதில்லை. உன் சொட்டு மருந்துதான் மகா மட்டம். முதலில் பொய்யான பழ வாசனை, நடுவில் சர்க்கரை, அடியில் ஒரு கசப்பு. தயாரித்தவனுக்கு நாக்கே இருந்திருக்காது. ஆனாலும் நீ சொன்ன வேளையெல்லாம் விடுகிறேன். காலைச் சொட்டை விடிவதற்கு முன்பே முடித்துவிட்டால் வேலை நேரத்துக்குள் வாய் தெளிந்துவிடுகிறது. மாத்திரைத் தண்ணீரில் முதல் நாள் ஊறப் போட்டபோது பல்லிலிருந்து வந்த மஞ்சள் அழுக்கைப் பார்த்து எனக்கே குமட்டியது. இதையா வாயில் வைத்துக்கொண்டு சுத்தம் பேசினேன்? எரிச்சல் நின்றுவிட்டது. கடைவாய் ஆறிவிட்டது. மேலே சிவப்பு வெளுத்துக்கொண்டு வருகிறது.

இனிமேல்தான் விஷயம். நேற்றுக் காலை பல் இன்னும் கிண்ணத்தில் கிடக்கும்போதே, ஏதோ நினைப்பில் டீயைக் கலந்து வாயில் வைத்துவிட்டேன். அடியே! மேலண்ணத்தில் டீ பட்டது! இத்தனை நாளும் அது தகட்டில் பட்டு வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. முதலில் சூடு, அப்புறம் உலர்ந்தாற்போல ஓர் இழுப்பு, விழுங்கின பிறகு தொண்டைக்கு மேலே மெல்லிய பூவாசனை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத மாட்டேன், மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது. பல்லைப் போட்டுக்கொண்டு அதே டீயை மறுபடி குடித்துப் பார்த்தேன். பாதியைக் காணோம்.

மூன்று வருஷமாக மூக்கையும் பழைய ஞாபகத்தையும் வைத்து ஒப்பேற்றியிருக்கிறேன், சின்னவளே. பூஞ்சை வந்ததும் அந்த ஒப்பேற்றலும் கவிழ்ந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? பல்லோடு போனால் பாதி ருசி. பல் இல்லாமல் போனால் ஊர் சிரிக்கும். எனக்குத் தலை சுற்றுகிறது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீ தரையில் உட்கார்ந்த இடத்தைப் படித்துவிட்டு என் நர்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்துவிட்டாள்.

பூஞ்சை போன பிறகுதான் அந்த அண்ணத்தால் ருசி பார்க்க முடிந்தது, அதை மறக்காதே. சிவப்பு போய்விட்டது என்று சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே. வாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பல்லை ஊறப் போடாமல் விட்டாலும் அவன் பல்லில் ஒளிந்திருந்து திரும்பி வந்துவிடுவான்.

ஆனால் பல் இல்லாமல் அந்தப் பரீட்சைக்குப் போகாதே. ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்த வாய்தான் இப்போது மறைத்துக்கொள் என்கிறது, எனக்கே சிரிப்பாக இருக்கிறது. கதவைத் திறந்தபோது துண்டுக்கு மேலே உன் கண்ணைப் பார்த்தேன். அப்படி ஒரு பயத்தை உன் கண்ணில் நான் பார்த்ததே இல்லை. அங்கே எவனாவது ஒருத்தன் சிரித்தால், நீ வீட்டுக்கு வந்து மறுபடி தாழ் போட்டுக்கொள்வாய். அதைத் திறக்க என்னிடம் மருந்து கிடையாது. தகட்டை மெலிசாக்கி வேறு செட் செய்யலாம், ஆனால் அண்ணம் முழுக்க ஆறாமல் அச்சு எடுக்க முடியாது. மார்ச்சுக்குள் ஆகாது. பல்லோடு போ. தும்மலை ஜெயிக்க உனக்குப் பாதி நாக்கே போதும்.

சின்னவள்


மார்ச் 15

சின்னவளுக்கு,

போதாது. முந்தாநாள் தும்மல் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து, "இதுல என்ன தெரியுதுங்க?" என்று கேட்டார். பல்லோடு குடித்தேன். "ஒண்ணும் தப்பா தெரியலையே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பல்லைக் கழற்றிவிட்டு அதே கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்தேன். சாக்கு நாற்றம் ஊரைக் கூட்டியது. மனுஷன் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்.

முடிவு செய்துவிட்டேன். பல் போனால் கட்டித் தர எனக்கு நீ இருக்கிறாய். நாக்கை யார் கட்டித் தருவார்கள்? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் வேலையில் டீயைக் கரண்டியிலிருந்து சர்ரென்று சத்தமாக உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் அது வாய் முழுக்கத் தூறலாகப் போய்ப் படும். முன்பல் இல்லாமல் உறிஞ்சினால் பாதி மோவாயில் வழிகிறது, பாதி மூக்கில் ஏறுகிறது. நேற்று சுவர் வரைக்கும் தெறித்தது. வழி சொல்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

சரி, போ. நீ முடிவு செய்த பிறகு யார் தடுத்து நின்றிருக்கிறது?

உறிஞ்சுவதற்குப் பல் தேவையே இல்லை, உதடு போதும். நீ பழைய வழக்கத்தில் பல்லைத் தேடி உதட்டை உள்ளே மடக்குகிறாய். மடக்காதே, விசில் அடிக்கிற மாதிரி வெளியே குவி. நாக்கு நுனியைக் கீழ் ஈறில் ஊன்றிக்கொள். மொட்டைமாடியில் விசில் அடித்து அப்பாவிடம் அடி வாங்கினாயே, அதே வாய்தான். நானும் ஒரு டம்ளர் டீ வைத்து உறிஞ்சிப் பார்த்தேன். என் வெள்ளைக் கோட்டு நாசமாகிவிட்டது.

பல்லைக் கைக்குட்டையில் சுற்றாதே, டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு எடுத்துப் போ. காய்ந்தால் கெட்டுவிடும். ஜெயித்துவிட்டு எழுது. தோற்றாலும் எழுது.

சின்னவள்


மார்ச் 30

என் அன்புள்ள தங்கச்சிக்கு,

கை தானாக வந்துவிட்டது, பார்.

மண்டபத்தில் நீள மேஜை, வெள்ளைத் துணி, அதன்மேல் பன்னிரண்டு கோப்பைகள் இரண்டு வரிசையாக. சுற்றிலும் வியாபாரிகள். வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் உள்ளே போனேன். முதலாளி வணக்கம் சொன்னார். பதில் சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். காற்றும் வார்த்தையும் கலந்து வந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர், "அம்மா பல்லை வீட்லயே மறந்துட்டு வந்துட்டாங்க போல" என்றார்.

அந்த நொடி ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். துண்டு இருந்திருந்தால் எடுத்து மூடியிருப்பேன். நீ டார்ச்சை எடுத்தது ஞாபகம் வந்தது. நிமிர்ந்தேன்.

"மறக்கலைங்க. வேலைக்கு இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டி வச்சுட்டேன்" என்றேன். இப்போது எல்லோருமே சிரித்தார்கள், ஆனால் இந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

உதட்டைக் குவித்து முதல் கரண்டியை உறிஞ்சினேன் பார், அப்பா இருந்திருந்தால் மறுபடி அடிக்க வந்திருப்பார்! மண்டபத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. மேலண்ணம் முழுக்கத் தூறல். எரிச்சல் துளி இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். இது மழைக்கு முன் பறித்தது, இது அதிகம் உலர்த்தியது, இது பழைய இருப்பைப் புதியதோடு கலந்தது. நான்காவதும் ஒன்பதாவதும் ஒரே டீ. தும்மல் இரண்டுக்கும் இரண்டு தரம் எழுதியிருந்தார். "ரெண்டும் ஒண்ணுதான். ஒன்பதாவதுக்கு ஊத்தின தண்ணியை ரெண்டு தடவை கொதிக்க வச்சிருக்கீங்க" என்றேன். டீ ஊற்றியவர் தலையைச் சொறிந்தார்.

கடைசிக் கோப்பையை வாயில் வைத்ததும் சிரித்துவிட்டேன். "இது நான் கோட்டை விட்ட லாட்டு. இதுக்கு முதல் தரம்னு எழுதினது என் தப்பு. இலை நல்ல இலைதான். உலர்த்துற அடுப்புல எங்கேயோ ஓட்டை, புகை உள்ள வருது. அதை அடைச்சா அடுத்த லாட்டு தங்கம்" என்றேன். மூட்டையைத் திருப்பி அனுப்பினவரே எழுந்து நின்று கை தட்டினார், சின்னவளே! அடுத்த லாட்டை எனக்கே கொடுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். பன்னிரண்டும் சரி. தும்மல் வந்து கை குலுக்கினார். குலுக்கும்போதே ஒரு தும்மல்.

முதலாளி, "நாற்காலி உங்களோடதுதாம்மா" என்றார். கொஞ்சம் தயங்கி, "பல்லு மட்டும்…" என்று இழுத்தார்.

கைப்பையைத் திறந்தேன். டப்பாவை எடுத்தேன். அத்தனை பேர் பார்க்க மேலேயும் கீழேயும் மாட்டிக்கொண்டு, அந்த முன்பல் சந்து தெரிகிற மாதிரி நன்றாகச் சிரித்தேன்.

"மேலயும் சரி கீழயும் சரி, ஒண்ணுகூட சொந்தப் பல்லு இல்ல. அத்தனையும் என் தங்கச்சி கைவேலை!" என்றேன்.

கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். தொண்டை உனக்கு மட்டும்தான் இருக்கிறதா என்ன?

இப்போது ருசி அறை அலமாரியில் என் பேர் எழுதின மூடி போட்ட கிண்ணம் ஒன்று இருக்கிறது. வேலை தொடங்கினால் பல் அதில், முடிந்தால் வாயில், ராத்திரி மாத்திரைத் தண்ணீரில். மேலண்ணம் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன், கூப்பிடு.

அக்கா

பின்குறிப்பு: எப்படியோ சம்பந்தியம்மா காதுக்குச் செய்தி போய், நேற்று நேரில் வந்தார்கள். வழக்கம் போல வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கும் மேல எரியுதுங்க. கட்டின பல்லுன்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது" என்றார்கள். ராத்திரி பல்லை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். வாயில்தான் என்றார்கள். கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை உன்னிடம் அழைத்து வருகிறேன். உன் காலில் விழுகிறேன், இவர்கள் தாடையை மட்டும் யார் முன்னாலும் பிடித்துத் திருப்பிவிடாதே.